பட்டன் பிடிபடவில்லை என்றால் மறதி நோயா?

கடிதம் எழுதியிருப்பவருக்கு 66 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 14 மாதங்களுக்கு முன்பு கணவர் இறந்துவிட்டார். அதிலிருந்து தனியாக இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரே வாரத்தில், மகன் இவர் வீட்டில் நான்கு புதுப் பொருள்களை வாங்கி வைத்திருக்கிறார்: கண்ணாடிப் பலகையைத் தொட்டு இயக்கும் வாஷிங் மெஷின், இன்டர்நெட் இணைப்புள்ள டிவி, மின்சாரக் கெட்டில், கூடத்தில் ஒரு கேமரா. 17 வருடம் ஓடிய பழைய வாஷிங் மெஷினை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு நாள் புது மெஷினில் எதைத் தொட்டாலும் பீப் சத்தம் மட்டும் வருகிறது, ஓடவில்லை. ரிப்பேர் பார்க்க ஆளை வரவழைக்கிறார். வந்தவர் ஓர் இடத்தில் விரலை மூன்று விநாடி வைத்து எடுக்கிறார். மெஷின் ஓடத் தொடங்குகிறது. "சைல்ட் லாக் விழுந்திருக்கும்மா" (குழந்தைகள் தொட்டு இயக்கிவிடாமல் இருக்கப் போடும் பூட்டு) என்று சொல்லி, வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மாலையில் போனில் இதைக் கேட்ட மகன், "அம்மா, இதுகூடவா தெரியல?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு இவருக்கு நிம்மதி போய்விட்டது. இவருடைய அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல் மறதி நோய் வந்து, கடைசியில் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. தனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்ற பயத்தில், ஒரு நோட்டில் தன் தவறுகளைத் தேதி போட்டு எழுதி வருகிறார். இதுவரை 23 வரிகள். அந்தப் பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் கேட்பது மூன்று: இது மறதி நோயின் தொடக்கமா? இந்தப் பொருள்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா? மகனிடம் எப்படிப் பேசுவது?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோட்டுப் பக்கங்களை அதைவிட அதிகமாக. நினைவு குறைகிறது என்று வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வரும் மருத்துவர் நான். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இத்தனை ஒழுங்காக எழுதிய குறிப்பு என் கைக்கு வருவது அபூர்வம். அதை வைத்துக்கொண்டு உங்களோடு நிறையப் பேசலாம்.

அந்த 23 வரிகள்

வரிகளை நான் பிரித்துப் பார்த்தேன். 23-இல் 17 வரிகள் வாஷிங் மெஷின், டிவி, கேமராவுக்கான செயலி இந்த மூன்றையும் கையாள்வதைப் பற்றியவை. மூன்றும் நான்கு மாதங்களுக்கு முன் உங்கள் வாழ்க்கையில் இல்லாதவை. மீதி ஆறு வரிகளுக்குப் பிறகு வருகிறேன். அந்த ஆறில்தான் எனக்குக் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

17-இல் ஒரு வரி இது: "38 நிமிடம் என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 41. நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன்." இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அந்த எண் மெஷின் போடும் உத்தேசக் கணக்கு. பிழியும் நேரத்தில் துணியெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் மெஷின் நின்று, துணியைப் பரப்பிவிட்டு, மறுபடி முயற்சி செய்யும். அதற்கு ஆகும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். நுரை அதிகமாக இருந்தாலும் சில மெஷின்கள் கூடுதலாக அலசும். அதனால் நேரம் ஏறும், இறங்கும். இன்னொரு வரியில், "சிக்கனம் என்று போட்டிருந்த புரோகிராமைப் போட்டேன், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது, ஏதோ தவறாக அழுத்திவிட்டேன்" என்று இருக்கிறது. அதுவும் தவறில்லை. வெந்நீரில் துவைக்கும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகிறது. அதனால் சிக்கனப் புரோகிராமில் சூட்டைக் குறைத்துவிட்டு, அதை ஈடுகட்ட நேரத்தை நீட்டுகிறார்கள். இந்த இரண்டு வரியையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர். எழுதப்பட்ட வரியைவிட, எழுதப்படாமல் போன வரி சில சமயம் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் நோட்டில் கெட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுவும் அதே வாரத்தில் வந்த புதுப் பொருள்தான். யாராவது சொல்லித் தந்தார்களா? கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "கெட்டில் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் மறந்தாலும் தானே அணைந்துவிடும். அந்த 'டக்' சத்தம் கேட்டால் ஒரு நிம்மதி."

அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? உள்ளே இரண்டு உலோகங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூடு பட்டால் ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக விரியும். தண்ணீர் கொதித்து ஆவி அந்தத் தகடு வரை வந்ததும், அது சட்டென்று எதிர்ப்பக்கம் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். ஒரே ஒரு நெம்புகோல், கீழே தள்ளினால் ஓடும், மேலே வந்தால் நின்றுவிட்டது. கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், விரலால் தொட்டும் தெரிந்துகொள்ளலாம். அதனால்தான் முதல் நாளே உங்களுக்கு வந்துவிட்டது. அதே வாரம், அதே வீடு, அதே மூளை. ஒரு பொருள் உடனே பிடிபடுகிறது, இன்னொன்று நான்கு மாதமாகியும் பிடிபடவில்லை என்றால், வித்தியாசம் பொருளில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கை வைத்திருந்த ஞாபகம்

பழைய மெஷினைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது: "கரண்ட் போன இருட்டிலும் திருகிவிடுவேன், ஏழு டக் எண்ணி நிறுத்தினால் பருத்தித் துணி." அந்த ஏழு 'டக்' உங்கள் நினைவில் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஒரு நோயாளியின் கதையால்தான் மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு 1953-இல் கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பாகத்தை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு எந்தப் புது நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஒரு வேலை செய்யச் சொன்னார்: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, இரட்டைக் கோட்டுக்குள் ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். முதலில் தடுமாறினார். மூன்றாம் நாள் நன்றாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் இதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கைப்பழக்கத்துக்கு மூளையில் தனி வழி இருக்கிறது, நடந்ததை நினைவு வைத்துக்கொள்ளும் வழி வேறு என்பது அப்படித்தான் தெளிவாயிற்று.

உங்கள் ஏழு 'டக்' அந்தக் கைப்பழக்கத்தின் பாதையில் 17 வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் அதை யோசித்ததே இல்லை. மெஷினை எடுத்துக்கொண்டு போனபோது திருகும் குமிழும் போய்விட்டது. கைக்குத் தெரிந்ததைப் பயன்படுத்த இடமில்லை. புது மெஷின் கேட்பது வேறு வகையான ஞாபகம். எந்தப் படத்துக்கு என்ன பொருள், எது முதலில், எது பிறகு என்று ஒவ்வொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 66 வயதில் அந்த வகைக் கற்றல் 30 வயதைவிட மெதுவாகத்தான் நடக்கும், கூடுதல் தடவை செய்து பார்க்க வேண்டியிருக்கும். அது வயதின் இயல்பு. நோயில்லை.

அப்புறம் அந்தச் சைல்ட் லாக். ஓர் இடத்தைத் தொட்டு எடுத்தால் ஒரு வேலை, அதே இடத்தில் மூன்று விநாடி விரலை வைத்தால் வேறு வேலை. விரலை வைத்து யோசித்துக்கொண்டு நின்றாலே பூட்டிக்கொள்ளும். ஒரே பட்டன் நிலைக்கு ஒரு வேலை செய்து, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமலும் இருந்தால் மனிதர்கள் தவறு செய்வார்கள் என்று, பொருள்களின் வடிவமைப்பை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்டு நார்மன் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். அவர் சொன்னது எல்லா வயதினருக்கும் பொருந்தும். ஒரு பேராசிரியர் அதே பூட்டுக்காக ஆளை வரவழைத்த கதையை என்னிடமே சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது 40.

உடம்பு சம்பந்தமான இரண்டு விஷயமும் இதில் சேர்ந்திருக்கிறது. இந்தக் கண்ணாடிப் பலகைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. விரலின் மின்தன்மையை உணர்கின்றன. வயதாக ஆக விரல்நுனித் தோல் உலர்ந்துபோவதால் தொட்டது சில சமயம் பதிவாகாது. ஈரக் கையோடு தொட்டாலோ, தொடாத இடமும் தொட்டதாகப் பதிவாகும். துவைக்கிற இடத்தில் கை ஈரமாகத்தான் இருக்கும்! கையைத் துடைத்துவிட்டு, நகத்தால் தட்டாமல், விரலின் சதைப்பகுதி முழுவதும் படும்படி வைத்துப் பாருங்கள். இன்னொன்று கண். கண்ணின் லென்ஸ் வயதோடு மஞ்சளாகிறது, கண்மணியும் சுருங்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கறுப்புக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் மெலிதாக எழுதியதைப் படிக்க முடியவில்லை என்றால் மெஷினுக்கு மேலே ஒரு நல்ல விளக்கு வேண்டும் என்று அர்த்தம்.

மீதி ஆறு வரிகள்

இதில் மூன்று, எல்லோருக்கும் நடப்பவை: தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று பிறகு வந்தது, மூக்குக் கண்ணாடியைத் தேடியது, அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றது. பெயர் பிறகு வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றை வைத்து நான் கவலைப்பட மாட்டேன்.

இரண்டு வரிகள், துவைத்து முடிந்தது தெரியாமல் துணி காலைவரை மெஷினிலேயே கிடந்தது பற்றியவை. "பீப் அடித்திருக்கும், நான் மறந்திருப்பேன்." மறந்தீர்களா, கேட்கவே இல்லையா? வயதால் வரும் செவித்திறன் குறைவு உச்சஸ்தாயி ஒலிகளில்தான் தொடங்கும். இந்தப் பொருள்களின் பீப் சத்தம் பெரும்பாலும் 2000-இலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் பேச்சு கேட்கும். அடுத்த அறையிலிருந்து வரும் பீப் கேட்காது. காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவு அவற்றில் முக்கியமான ஒன்று. அந்த 14-ஐயும் சரிசெய்ய முடிந்தால், உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு.

கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. "காலையில் எழுந்து பத்து நிமிடம் இன்று என்ன கிழமை என்று பிடிபடவில்லை." கடிதத்தின் வேறொரு இடத்தில், கணவர் இறந்ததிலிருந்து தூக்கம் வருவதற்காகத் தினமும் இரவில் அலர்ஜி மாத்திரை ஒன்று போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை, மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. நினைவுக்கு அது மிகவும் தேவையான பொருள். 65 வயதுக்கு மேல் இவற்றைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. காலைக் குழப்பம், தள்ளாட்டம், வாய் உலர்தல் எல்லாம் இதனால் வரலாம். கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதால் தினமும் போடலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி, எப்படி நிறுத்துவது, தூக்கத்துக்கு வேறு என்ன செய்வது என்று கேளுங்கள். இந்தக் கடிதத்தில் உடனே செய்ய வேண்டிய காரியம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோரில் ஒருவருக்கு வயதான பிறகு மறதி நோய் வந்திருந்தால், பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். வந்தே தீரும் என்று இல்லை. ஒற்றை மரபணுவால் தலைமுறை தலைமுறையாக வருவது மிக அரிதான வகை, அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு வந்தது 80-க்கு மேல்.

எதைக் கண்டால் நான் கவலைப்படுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 31 வருடம் கணக்குப் போட்டவருக்கு வீட்டு வரவு செலவு குழம்புவது. பல வருடமாகச் சமைத்த ஒன்றைச் சமைக்கும்போது அடுத்து என்ன என்று நின்றுவிடுவது. தினமும் நடக்கும் தெருவில் வழி தவறுவது. சொன்னதையே அதே மணி நேரத்தில் மறுபடி சொல்வது, அதுவும் சொன்னது நினைவில்லாமல். இவை எதுவும் உங்கள் நோட்டில் இல்லை. இந்த மாதிரி நடந்தால் பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். நோயாளி தானே தேதி போட்டு எழுதிக் கொண்டுவருவது குறைவு.

நோட்டை மூடிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பத்தியை மட்டும் கூடுதலாகப் போடுங்கள்: "இந்த வேலை எனக்கு எத்தனை வருடப் பழக்கம்?" ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அந்த எண்ணை எழுதுங்கள். 20, 30 என்ற எண்கள் வரத் தொடங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா?

நான்கு மாதமாகிவிட்டதால், பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கெடு பெரும்பாலும் சில நாள்கள் அல்லது வாரங்கள்தான். உத்தரவாதம் என்பது பழுதுக்குத்தான். பயன்படுத்தக் கஷ்டமாக இருப்பது அதில் வராது. ஆனாலும் பில்லும் உத்தரவாத அட்டையும் உங்கள் கையில் இருக்க வேண்டும், மகனின் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் போதாது. பழுது வந்தால் பேசப்போவது நீங்கள்.

வாஷிங் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆனால் அதை முழுக்கக் கற்றுக்கொள்ள முயற்சி செய்யாதீர்கள். 15 புரோகிராமில் உங்களுக்கு வேண்டியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மின்னிணைப்புப் பட்டன், அந்த ஒரு புரோகிராம், ஆரம்பிக்கும் பட்டன்: இந்த மூன்று இடத்துக்கும் பக்கத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். பட்டன் மேலேயே வைக்க வேண்டாம், தொடுவது பதிவாகாமல் போகலாம். காய்ந்ததும் அது விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு ஆகிவிடும். பூட்டைத் திறக்கும் இடத்துக்கு வேறு நிறம். பழைய குமிழ் கொடுத்ததில் கொஞ்சத்தை இப்படித் திரும்பக் கொண்டுவரலாம். பார்வை இழந்தவர்கள் வீட்டில் காலம் காலமாக இருக்கும் வழி இது. பீப் சத்தத்தைக் கூட்ட முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். முடியாவிட்டால், மெஷினை ஓடவிட்டதும் சாவி கொடுக்கும் சமையல் டைமர் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

டிவியைப் பற்றி வாதாட மாட்டேன். மூன்று மாதம் முயன்றும் அதில் உங்களுக்குச் சந்தோஷம் இல்லை, ரேடியோவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோவைக் கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை ஏதாவது ஓடவில்லை என்றால், தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டு வைத்த போலி எண்களும் வரும். மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோ உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணோ மட்டும்தான். போனில் பேசுகிறவர் ஒரு செயலியை இறக்கச் சொன்னாலோ, உங்கள் திரையைப் பகிரச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மரியாதைக் குறைவாக ஆகிவிடுமே என்று யோசிக்க வேண்டாம்.

கேமராவும் கணக்கும் யார் பெயரில்?

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க இது இருக்கிறது. டிவிக்கான கணக்கு மகன் பெயரில். மெஷினின் செயலி மகன் போனில். நீங்கள் எப்போது துவைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தகவலாகப் போகிறது. கூடத்துக் கேமரா அவர் போனில் தெரிகிறது. "உட்கார்ந்து அழக்கூட உள் அறைக்குப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அந்த வரியை உங்கள் மகன் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில், உங்கள் மேல் ஒரு கேமரா இருக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். தனியாக இருப்பவர் விழுந்துவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டும் என்ற அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்குக் கூடத்துக் கேமராதான் ஒரே வழி என்று இல்லை. அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கலாம். கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசரப் பட்டன் வாங்கலாம். காலையில் ஒரு போன் அழைப்பு போதும் என்று பேசிக்கொள்ளலாம். கேமரா இருக்கட்டும் என்று நீங்களே முடிவு செய்தால், கணக்கின் உரிமையாளர் நீங்கள், அவர் அதில் சேர்க்கப்பட்டவர் என்று மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்பது) போடச் சொல்லுங்கள். அதைச் செய்யாத கேமராவுக்குள் வெளியார் நுழைவது எளிது. டிவியும் பல சமயம் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்ற விவரத்தை நிறுவனத்துக்கு அனுப்பும். அமைப்புகளில் போய் அந்த அனுமதியை எடுத்துவிடலாம்.

மகனிடம்

"இதுகூடவா தெரியல?" என்று கேட்டது தவறு. அவர் மோசமானவர் இல்லை, ஆனால் கேட்டது தவறு. அப்பாவை இழந்த மகன், அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரே வாரத்தில் நான்கு பொருளை வாங்கிக் குவித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே பயம் அந்தக் கேள்வியிலும் இருந்திருக்கலாம். உங்களிடம் இதை அவர் சொல்லமாட்டார். நீங்கள் கேட்டால் ஒருவேளை சொல்வார்.

அவர் கற்றுக்கொடுக்கும் விதத்தையும் நீங்களே விவரித்திருக்கிறீர்கள்: "'குடு, நான் பண்றேன்' என்று போனை வாங்கி நாலு செகண்டில் முடித்துவிடுவான்." பாசத்தோடு செய்வதுதான். ஆனால் அந்த நாலு விநாடியில் கற்றுக்கொண்டது அவர் விரல், உங்கள் விரல் இல்லை. அடுத்த முறை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. வாயால சொல்லு. நான் அழுத்துறேன்." ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை. இன்று செய்ததை நாளை மறுநாள் அவர் இல்லாமல் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. ஒரே நாளில் பத்துத் தடவை செய்வதைவிட, இடைவெளி விட்டு நான்கு தடவை செய்தால் நன்றாகத் தங்கும். அவர் வெளியே கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும்.

நீங்கள் விரும்பினால் இந்தப் பதிலை அவரிடம் காட்டலாம். கேமரா பற்றிய பகுதியை மட்டுமாவது.

இந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள். போகும்போது நோட்டு, மாத்திரை அட்டை, படிக்கும் கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். இந்த இரண்டும் குறைந்தால் மந்தமாக இருக்கும், சிகிச்சையும் உண்டு. தூக்கம், பசி, அழுகை பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்; துக்கமும் மனச்சோர்வும் கவனத்தைக் கலைக்கும், அது மறதி போலவே தெரியும். நினைவுக்கான சோதனையில் பெரும்பாலும் சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு கடிகாரம் வரைந்து முள்ளை வைக்கச் சொல்வார்கள். சில கழித்தல் கணக்குகள் இருக்கும். 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தின இரவு அந்த மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், மதிப்பெண் அதனாலேயே குறையலாம்.

போய்விட்டு வந்து, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.